லோறன்ஸ் கேட்ட அமெரிக்கக் கப்பல்

1

இரண்டு வருடத்துக்கு முன்பு ஒருவர் என்னிடம் ஒரு கேள்வி கேட்டார். "பார்த்துச் சொல்லுறன்" என்றேன். போன மாதம் பதில் வந்தது. கொண்டுபோய்க் கொடுத்தேன். வாங்கிக்கொண்டு அவர் சந்தோசப்பட்டார். அது பதிலே இல்லை என்று எனக்குத் தெரியும். அந்தச் சந்தோசத்தைப் பார்த்துவிட்டு வந்த நாளிலிருந்து ஓரிடத்தில் இருக்கமுடியவில்லை, அதனால் எழுதுகிறேன். கதை பிறந்த விதம் இவ்வளவுதான். இதில் அழகு ஒன்றும் இல்லை.

கேட்டவருக்கு லோறன்ஸ் என்று பெயர் வைக்கிறேன். கேட்கப்பட்டவள் ஷிரோமி. "நான்" என்று எழுதிப் பார்த்தேன்; இரண்டாம் பந்தியிலேயே எனக்கு என்மேல் இரக்கம் வந்துவிட்டது. எனக்கு அது பிடிக்காது. ஆகவே ஷிரோமி. அவளுக்கு என் இருபத்தாறு வயதையும் என் கோபத்தையும் கொடுத்திருக்கிறேன். மற்றது அவள் பாடு.

தொடக்கங்கள் மூன்று எழுதினேன்.

"1823இல் ஜேம்ஸ் மன்றோ என்ற அமெரிக்க ஜனாதிபதி, இனி எங்கள் கண்டங்களில் ஐரோப்பியர் புதிதாகக் கைவைக்கக்கூடாது என்று" — என் பேராசிரியர் ரசிப்பார். நீங்கள் பக்கத்தைப் புரட்டிவிடுவீர்கள்.

"லா சப்பலில் மழை தூறிக்கொண்டிருந்தது" — வேண்டாம். பாரிஸில் எங்கள் சனத்தின் கடைகள் நிறைந்த லா சப்பலைப் பற்றி எழுதுகிற எல்லாரும் அங்கே மழையைத் தூறவைத்தாயிற்று.

"அன்று காலை பேர்ளி பையைக் கட்டிவிட்டு—"

இதை இப்போதைக்கு இப்படியே விடுகிறேன்.

2

லோறன்ஸுக்கு அமெரிக்க ஜனாதிபதிகளைத் தெரியும். வில்சன் என்றால் போர்த் து லா சப்பலுக்கு அங்கால் செந்தெனிப் பக்கம் போகிற நீண்ட வீதி; காலை ஐந்து மணியிலிருந்து எட்டு மணிவரை அங்கே ஓர் அலுவலகத்தின் நாலு மாடியைத் துடைப்பார். ரூஸ்வெல்ட் என்றால் மெட்ரோ மாறுகிற இடம். கென்னடி என்றால் ஆற்றோரத்தில் ஒரு காலத்தில் கண்ணாடி துடைத்த கட்டடம். "வில்சனை முடிச்சிட்டு வாறன்" என்று வீட்டில் சொல்லிவிட்டுப் போவார். முடித்துவிட்டு லூயி-பிளாங் வீதிக்கு வந்து ஓர் உணவகத்தின் பின்கட்டில் மாலைவரை மீன் ரோல்ஸ் சுற்றுவார்.

மன்னார்க்காரர். ஐம்பத்தெட்டு வயது. ஷிரோமியின் தாய்மாமன். அவளுடைய தாய், இவருடைய தங்கச்சி பேர்ளி, 2009 மே பத்தாம் திகதி முள்ளிவாய்க்காலில் ஷெல் விழுந்து இறந்தாள். தகப்பன் அதற்கு முந்தியே இல்லை. பத்து வயதுப் பிள்ளை முகாமில் கிடந்து, பிறகு ஒரு கன்னியர் மடத்தில் கிடந்து, பதின்மூன்று வயதில் பாரிஸுக்குப் பக்கத்தில் எபினே-சூர்-செய்னில் மாமா வீட்டுக்கு வந்து சேர்ந்தது. மாமி புஸ்பராணி தன் பிள்ளைகளோடு நாலாவதாகத் தட்டு வைத்தாள்.

ஷிரோமி குடும்பத்தில் முதல் பட்டதாரி. இதைச் சொல்லும்போது எல்லாரும் கைதட்டுவார்கள். கைதட்டுகிறவர்களில் ஒருத்தர்கூட அவள் என்ன படிக்கிறாள் என்று இரண்டாவது கேள்வி கேட்டதில்லை. லோறன்ஸ் மட்டும் கேட்டார்.

(இங்கே லோறன்ஸைப் பற்றி இன்னொன்று சொல்லவேண்டும். தமிழ்ப் பூசைக்கு ஒரு ஞாயிறும் தவறமாட்டார். பின்னாலிருந்து நாலாவது வாங்கு, நடைபாதை ஓரம். நன்மை எடுக்க, அதாவது நற்கருணை வாங்க, வரிசை தொடங்கும்போது உள்ளே இருப்பவர்கள் எழும்புவார்கள். அவர் எழும்பமாட்டார். முழங்காலைப் பக்கவாட்டில் திருப்பி வழிவிடுவார். திரும்பி வரும்போது மறுபடி திருப்புவார். பதினாறு வருடமாக இது நடக்கிறது. அந்த வாங்கில் இருக்கிற சனத்துக்கு இது பழகிவிட்டது. தூணைச் சுற்றிப் போகிறமாதிரிப் போவார்கள். "அந்தாளிட்டை ஏனெண்டு கேக்காதை" என்று மாமி மட்டும் ஒருமுறை ஷிரோமியின் காதுக்குள் சொன்னாள். கேட்காமலே அவளுக்குத் தெரியும்.)

3

கேள்வி கேட்ட இடம் உணவகத்தின் பின்கட்டு. மதியச் சனம் போய்விட்ட நேரம். பக்கத்து ட்ராவல்ஸ் கடை யோகநாதன் தேத்தண்ணிக்கு வந்து, வாசல்படியில் சாய்ந்துகொண்டு நின்றார்.

"மருமேள் இப்ப என்ன படிக்கிறா?"

"அமெரிக்காவின்ரை வெளிநாட்டுக் கொள்கை, அங்கிள்."

"எட! பிரான்சிலை இருந்துகொண்டு அமெரிக்காவைப் படிக்கிறியோ? உதுக்கு ஆர் வேலை தருவாங்கள்? கடைசியிலை என்ரை கடையிலை நியூயோர்க் டிக்கெட் போடத்தான் உதவும்."

"உங்கடை கடைக்கு வந்தால் சம்பளம் தருவியளோ?"

லோறன்ஸ் சிரித்துவிட்டார். யோகநாதன் சிரிக்கவில்லை. "வாயைப் பார். உதைக் கட்டிக் குடுக்கிறது கஷ்டம், லோறன்ஸ்" என்று கோப்பையை வைத்துவிட்டுப் போனார்.

அவர் போனபிறகு லோறன்ஸ் கையைத் துடைத்தார். துடைத்த கையையே மறுபடி துடைத்தார்.

"பிள்ளை, உந்த அமெரிக்கன் கடதாசியளுக்குள்ளை எங்கடை கப்பல் கிடக்குதோ?"

"எந்தக் கப்பல்?"

(எந்தக் கப்பல் என்று அவளுக்குத் தெரியாமலா?)

"அண்டைக்கு வருது எண்ட கப்பல். வெளிக்கிட்டதோ, வெளிக்கிடேல்லையோ. அவங்கள் எல்லாத்தையும் எழுதி வைக்கிறவங்கள்தானே."

"இப்ப ஏன் மாமா?"

"நான் சொன்னது பொய்யோ பிழையோ எண்டு தெரியவேணும். பொய்யெண்டால் பாவசங்கீர்த்தனத்திலை சொல்லிப்போட்டு நன்மை எடுக்கலாம். பிழையெண்டால் அது வேறை. ரெண்டும் தெரியாமல் சாமியிட்டைப் போய் என்னத்தைச் சொல்லிறது?"

அவர் ஒரு ரோல்ஸை எடுத்து முட்டையில் தோய்த்தார். அதைத் தூளில் பிரட்ட மறந்து அப்படியே எண்ணெய்க்குள் போட்டார். முப்பது வருடம் ரோல்ஸ் சுற்றுகிற மனிதன்.

"பார்த்துச் சொல்லுறன்" என்றாள் ஷிரோமி.

4

அவர் சொன்னது என்ன?

2009 ஏப்ரல். போரை நிறுத்தச் சொல்லிப் பாரிஸில் தமிழ்ச்சனம் வீதியில் இருந்தது. வேலைக்குப் போகிற நேரம் போக மற்ற நேரமெல்லாம் லோறன்ஸும் அங்கேதான். வெள்ளை மாளிகைக்குப் போகிற மனுக்களில் கையெழுத்து வைத்தார், ஒரே மனுவில் இரண்டுமுறைகூட வைத்தார். அமெரிக்கா மக்களைக் கடல்வழியாக வெளியேற்றப் பேசுகிறது என்று அந்த வருடத் தொடக்கத்தில் பத்திரிகைகளில் வந்தது உண்மை. பேசினார்கள். "பேசுகிறார்கள்" என்பது ஒரு வீதி தாண்டும்போது "வரப்போகிறது" ஆயிற்று, அடுத்த வீதி தாண்டும்போது "வெளிக்கிட்டுவிட்டது." யார் உங்களுக்குச் சொன்னது என்று ஷிரோமி ஐந்துமுறை கேட்டிருக்கிறாள். "சனம் கதைச்சது" என்பார். சனத்தைப் பிடித்து யார் விசாரிப்பது?

ஏப்ரல் பதினெட்டாம் திகதி, சனிக்கிழமை, வன்னியிலிருந்து ஒரு சற்றலைட் போன் லைன் கிடைத்தது. இரண்டு நிமிசம். பேர்ளி அழுதாள். லோறன்ஸ் அழாமல், ஆண்பிள்ளை மாதிரி, தெளிவாகச் சொன்னார்:

"அமெரிக்கன் கப்பல் வருது. கடற்கரையை விட்டு விலகாதேங்கோ. பொறுத்திருங்கோ."

இருபதாம் திகதி திங்கட்கிழமை புதுமாத்தளனில் வழி திறந்தது. இலட்சம் சனம் தப்பி ஆமியின் பக்கம் போனது. பேர்ளி போகவில்லை. இருபது நாள் கழித்து இறந்தாள்.*

லோறன்ஸின் கணக்கு இதுதான்: நான் சொன்னேன், அவள் நின்றாள், செத்தாள்.

* போகிறவர்களை மறித்தவர்கள் இருந்தார்கள், மறித்துச் சுட்டவர்களும் இருந்தார்கள்; சனத்தின்மேல் ஷெல் அடித்தவர்கள் எல்லாருக்கும் தெரிந்தவர்கள். இரண்டையும் ஒரே பந்தியில் எழுதினால் லா சப்பலில் அரைவாசிப்பேர் என்னோடு கதைக்கமாட்டார்கள். கதைக்காமல் விடட்டும்.

5

இந்தப் பகுதி கட்டுரை. வேண்டாதவர்கள் ஆறுக்குப் போகலாம். ஆனால் போனால் ஏழு விளங்காது.

ஷிரோமியின் மெமுவார், அதாவது முதுகலை ஆய்வேடு, நூற்றுப் பதினெட்டுப் பக்கம். பிரெஞ்சில் அதற்கு நீளமான தலைப்பு உண்டு. தமிழில் சொன்னால்: அமெரிக்கா எப்போது கப்பல் அனுப்பும், எப்போது அனுப்பாது?

1918இல் வில்சன் பதினான்கு அம்சங்கள் சொன்னார். உலகத்தில் அடிமைப்பட்டிருந்த சனமெல்லாம் அதைத் தங்களுக்குச் சொன்னதாக எடுத்துக்கொண்டது. அடுத்த வருடம் சமாதான மகாநாட்டுக்கு அவர் இதே பாரிஸில் இருந்தார். இங்கே படங்களுக்கு மெருகு போட்டு வயிறு வளர்த்த ஒரு வியட்நாமிய இளைஞன், தன் நாட்டுக்காக ஒரு மனுவை அமெரிக்கக் குழுவிடம் சேர்ப்பித்தான். கிடைத்தது என்று மரியாதையாகப் பதில் வந்தது. அவ்வளவுதான் வந்தது. அந்த இளைஞன் பின்னாளில் ஹோ சி மின் ஆனான். 1945இல் சுதந்திரம் அறிவித்தபோது அமெரிக்காவின் சுதந்திரப் பிரகடனத்திலிருந்தே வசனம் எடுத்தான். ட்ரூமனுக்குக் கடிதங்கள் எழுதினான். அதற்குப் பதில்கூட இல்லை. முப்பது வருடம் கழித்து, 1975 ஏப்ரலில், சைகோன் கரைக்கு அமெரிக்கக் கப்பல்கள் வந்தன, தோற்றுப்போன தங்கள் ஆட்களையும் தங்களை நம்பியவர்களில் கொஞ்சப்பேரையும் ஏற்றிக்கொண்டு போக.

1983. கொழும்பில் எங்கள் சனம் எரிந்த அதே வருடம், ஒக்டோபரில், கிரெனடா என்ற குட்டித் தீவில் படிக்கிற தன் மருத்துவ மாணவர்களைக் காப்பாற்ற என்று ரீகன் படை அனுப்பினார். 1994, ருவாண்டா: போகவில்லை. 1997இல் இயக்கத்தைப் பயங்கரவாதப் பட்டியலில் போட்டார்கள். 2009 மே பதின்மூன்றாம் திகதி ஒபாமா வெள்ளை மாளிகைக்கு வெளியே நின்று, கண்மூடித்தனமாக ஷெல் அடிப்பதை நிறுத்துங்கள், ஆயுதத்தைக் கீழே வையுங்கள், சனத்தை விடுங்கள் என்று இரண்டு பக்கத்துக்கும் சொன்னார். நல்ல வசனங்கள். அப்போது பேர்ளி இறந்து மூன்று நாள். 2011, லிபியா: போனார்கள், விமானத்தோடு.

இதையெல்லாம் ஒரு பெரிய தாளில் அட்டவணை போட்டு அறைச் சுவரில் ஒட்டியிருந்தாள் ஷிரோமி. மாமி அதைப் பார்த்துவிட்டு, "பஸ் வாற நேரமோ?" என்று கேட்டாள். ஓம் மாமி, அதேதான். வராத பஸ்ஸின் நேரம்.

"நீங்கள் இந்த விடயத்திலிருந்து கொஞ்சம் விலகி நிற்கவேண்டும்" என்றார் பேராசிரியர். எவ்வளவு தூரம் மெசியே? எட்டாயிரம் கிலோமீற்றர் போதுமா?

(கேட்கவில்லை. "ஓம்" என்று தலையாட்டிவிட்டு வந்தாள். கதையிலாவது கேட்கவைக்கலாம் என்று பார்த்தேன்.)

6

அமெரிக்காவில் ஒரு சட்டம் உண்டு. யாரும், எந்த நாட்டுக்காரரும், அரசாங்கக் கடதாசிகளைக் கேட்டு எழுதலாம். ஷிரோமி கேட்டு எழுதினாள். இரண்டு வருடம் கழித்துப் பதினொரு பக்கம் வந்தது.

இங்கே நிறுத்துங்கள். இந்தப் பதினொரு பக்கத்தையும் நான்தான் உண்டாக்கினேன். அப்படியொரு கோப்பு உண்மையில் இருக்கிறதா, அதில் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியாது. கதைக்கு ஒரு கடதாசி தேவைப்பட்டது. போன மாதம் நான் கொண்டுபோய்க் கொடுத்ததும் கடதாசிதான். அதிலும் கப்பலைப் பற்றிய பதில் இருக்கவில்லை. அந்தளவுதான் சொல்வேன்.

பதினொரு பக்கத்தில் ஏழு முழுக்கக் கறுப்பு. மேலே திகதி, கீழே பக்க எண், நடுவில் தார் ஊற்றினமாதிரிக் கறுப்பு. மிச்ச நாலு பக்கத்தில் யாருக்கு யார் பிரதி அனுப்பினார்கள் என்பதும், ஒரு கூட்டம் பின்போடப்பட்டது என்பதும். கப்பல் என்ற சொல் ஓரிடத்திலும் இல்லை. இருக்கிறது என்றும் இல்லை, இல்லை என்றும் இல்லை.

அவள் அதைப் பின்கட்டுக்குக் கொண்டுபோனாள். "மாமா, இதிலை ஒண்டும் இல்லை" என்று சொல்லத்தான் போனாள். லோறன்ஸ் கையைக் கழுவிவிட்டு வாங்கினார். அவருக்கு ஆங்கிலம் வாசிக்கத் தெரியாது. கறுப்புப் பக்கங்களை வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பிடித்துப் பார்த்தார்.

"இது ஏன் கறுப்பு?"

"மறைச்சிருக்கிறாங்கள்."

"இல்லாத ஒண்டை ஏனடி மறைக்கப்போறாங்கள்?"

அவள் வாயைத் திறந்தாள்.

"கப்பல் இருந்திருக்குது, பிள்ளை. இருந்தபடியால்தான் மறைக்கிறாங்கள்! வெளிக்கிட்டுமிருக்கும். யோகநாதன்! எடேய் யோகநாதன்! இஞ்சை வந்து பார்!"

யோகநாதன் வந்து பார்த்தார். "உது கப்பலோ, பிரிண்டர் பழுதோ?"

"போடா. உனக்கு என்ன தெரியும்?"

ஏழு கறுப்புப் பக்கங்களையும் மடிக்காமல் ஒரு பிளாஸ்டிக் உறைக்குள் போட்டார். வதிவிடக் கார்த் புதுப்பிக்கக் கொண்டுபோகிற கடதாசிகளைப் போடுகிற அதே உறை. அவர் கண் கலங்கியிருந்தது. ஷிரோமி கேடுகெட்டவள் மாதிரிப் பேசாமல் நின்றாள்.

இந்த இடத்தில் எனக்கு அவள்மேல் சந்தேகம் வந்துவிட்டது. பேராசிரியரைத் தவிர எல்லாரோடும் மல்லுக்கு நிற்கிறவள், இங்கே மட்டும் ஏன் வாயை மூடினாள்? மாமாமேல் இரக்கம் என்று எழுதினேன். அழித்தேன். பயம் என்று எழுதினேன். அதை அழிக்கவில்லை.

அடுத்த ஞாயிறு லோறன்ஸ் உறையையும் கொண்டு பூசைக்குப் போனார். வரிசை தொடங்கியது. உறையைத் தொட்டுப் பார்த்தார். கால் ஒருதரம் முன்னால் போனது. பிறகு முழங்காலைத் திருப்பி வழிவிட்டார்.

ஏழு பக்கக் கறுப்பு அவருக்குப் போதவில்லை.

7

அன்று காலை பேர்ளி பையைக் கட்டிவிட்டு வந்து—

அன்று காலை, இருபதாம் திகதி, பேர்ளி பையைக் கட்டிவிட்டு வந்து கூடாரத்துக்குள் எட்டிப் பார்த்து—

எழுதுகிறேன். எழுதுகிறேன்.

"வெளிக்கிடு" என்றாள்.

"மாமா கப்பல் வருது எண்டவர்."

"உன்ரை மாமாவுக்கு விசர். அமெரிக்கன் எங்களை ஏன் ஏத்திறான்? நாங்கள் அவனுக்கு ஆர்?"

பிள்ளை கப்பலைப் பார்த்திருந்தது. செஞ்சிலுவைக் கப்பல் காயக்காரரை ஏற்றிக்கொண்டு போனதைக் கரையில் நின்று பார்த்திருந்தது. வெள்ளையாய், பெரிதாய், சத்தமில்லாமல். அதைவிடப் பெரிய கப்பல் வருமென்று பாரிஸிலிருந்து மாமா சொன்னதை, தாயின் போனில் காதை ஒட்டிக் கேட்டுமிருந்தது. பிள்ளை கூடாரத் தடியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு மணலில் குந்திவிட்டது. "நான் கப்பலிலைதான் வருவன்." பேர்ளி இழுத்தாள். அடித்தாள். பிள்ளை தாயின் கையைக் கடித்தது. பக்கத்துக் கூடாரத்துச் சனம் போய்விட்டது. பிறகு ஷெல் விழத் தொடங்கியது, பங்கருக்குள் இறங்கினார்கள். ஏறி வந்தபோது போன சனத்துக்கும் நின்ற சனத்துக்கும் நடுவில் வழி அடைபட்டுவிட்டது.

இருபது நாள். அந்த இருபது நாளில் பேர்ளி ஒருதரம்கூட அதைச் சொல்லிக் காட்டவில்லை. கையில் பல் பதிந்த இடம் மட்டும் நீலமாகி, மஞ்சளாகி, மாறிப்போனது. அது முழுக்க மாறினபிறகுதான் இறந்தாள்.

ஆக, மாமாவின் போனுக்காகப் பேர்ளி நிற்கவில்லை. அவள் அந்தக் கப்பலை ஒரு நிமிசமும் நம்பவில்லை. எட்டாம் வகுப்புவரைதான் படித்தவள். என்னுடைய நூற்றுப் பதினெட்டுப் பக்கத்தின் முடிவுரை மூன்று சொல்லாக அன்றைக்கே அவள் வாயில் இருந்தது: நாங்கள் அவனுக்கு ஆர்?

"என்னுடைய" என்று எழுதிவிட்டேன். திருத்தப் போவதில்லை.

8

முடிவுகள்.

ஒன்று. ஷிரோமி கறுப்புப் பக்கங்களைக் கப்பலாகவே விட்டுவிடுகிறாள். லோறன்ஸ் அந்த உறையோடு கிழவனாகிறார். ஆவணப் படம் எடுக்கிற யாராவது இதை விரும்புவார்கள்.

இரண்டு. கப்பல் வெளிக்கிடவே இல்லை என்று நேராகச் சொல்கிறாள். அவர் அதைப் பாவமாகச் சாமியிடம் சொல்கிறார். செய்யாத கொலைக்கு மன்னிப்பு வாங்குகிறார். அந்த மன்னிப்பு யாருடைய பெயரில் எழுதப்படும்?

மூன்று. ரோல்ஸ் மேசைக்குப் பக்கத்தில் நின்று எல்லாவற்றையும் சொல்கிறாள். இதை நாலுமுறை எழுதினேன். நாலுமுறையும் அவர் ஒரே பதிலைத்தான் சொல்கிறார்: "பத்து வயசுப் பிள்ளையடி நீ." எனக்கு அது வேண்டாம். அவர் அதைச் சொல்லிவிடுவார் என்பதுதான் பதினாறு வருடமாக என் பயம். அதைவிடப் பெரிய பயம், சொன்னபிறகு அவர் கொஞ்சம் யோசிப்பார். அந்தக் கப்பலைப் பிள்ளையின் தலைக்குள் போட்டது யார் என்று யோசிப்பார். பேர்ளி நம்பவில்லை, நான் நம்பினேன், எனக்குச் சொன்னது அவர். பழியை இறக்கிவைக்கப் போய் வேறு தோளில் அதையே ஏற்றிவிட்டால்?

வன்னியில் செத்தவர்களுக்கு ஜனாதிபதிகள் நல்ல வசனங்கள் சொன்னார்கள். ஒருத்தரும் இந்த மாதிரி முழங்காலைத் திருப்பிக்கொண்டு இருக்கவில்லை. கொள்கை வகுத்தவன் நிம்மதியாக நித்திரை கொள்கிறான். பின்கட்டில் ரோல்ஸ் சுற்றுகிறவனும், மணலில் குந்தின பத்து வயதும் நீயா நானா என்று பாவத்தைப் பங்குபோடுகிறோம். இந்தக் கோபத்தை எங்கே கொண்டுபோய்க் கொட்டுவது? வில்சன் வீதியை இன்னொருமுறை துடைக்கவா?

நான்காவது முடிவு என்னிடம் இல்லை.

9

லோறன்ஸ் தமிழில் எது அச்சாகி வந்தாலும் வாசிப்பார். கடை வாசலில் இலவசமாகக் கிடக்கிற பத்திரிகை, மரண அறிவித்தல், சாமான் சுற்றி வந்த தாள், எதுவானாலும். வில்சனுக்குப் போகிற பஸ்ஸில், அதிகாலையில், கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கிவிட்டு, ஒரு வரி விடாமல். அதனால்தான் இதைப் பிரெஞ்சில் எழுதவில்லை. பெயர்களை மாற்றியிருக்கிறேன். கடித்த கையை மாற்றவில்லை.

இதுவரை "நீங்கள்" என்று எழுதிய இடமெல்லாம் யாரைச் சொன்னேன் என்று இப்போது தெரிந்திருக்கும். மற்றவர்களும் வாசிக்கலாம். ஆனால் முடிவு உங்களிடம்தான் இருக்கிறது, மாமா. பொய்யா பிழையா என்று கேட்டீர்கள். இரண்டுமில்லை. நீங்கள் தங்கச்சிக்கு நம்பிக்கை சொன்னீர்கள், அவள் அதை வாங்கவில்லை, நான் வாங்கினேன். எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான். இதை வைத்துக்கொண்டு என்னை என்ன செய்யவேண்டும், உங்களை என்ன செய்யவேண்டும் என்று நான் எழுதமாட்டேன்.

வருகிற ஞாயிறு நான் வெள்ளெனவே போய்விடுவேன். பின்னாலிருந்து நாலாவது வாங்கு, நடைபாதை ஓரம். அது உங்கள் இடம்; தெரியும். நீங்கள் என்னைத் தாண்டி உள்பக்கம் இருக்கவேண்டிவரும். வரிசை தொடங்கினதும் நான் முழங்காலைத் திருப்பி வைப்பேன்.